பலாலித் தளத்தின் வரலாற்றைக் காணிகளோடு சேர்த்து எழுதுங்கள்

இலங்கை விமானப்படையின் அதிகாரிகளுக்கும், சிவில் விமான சேவை அதிகார சபையினருக்கும், யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்தை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

விமானப்படைத் தளமும் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமும் சேர்ந்து பாவிக்கும் பலாலி ஓடுபாதையை நீட்டும் கதை சில வருடங்களாக அடிக்கடி எழுகிறது. நீட்ட வேண்டும் என்று வடக்கில் நிறையப் பேர் விரும்புகிறார்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வரும் எங்கள் சனம் கட்டுநாயக்காவில் இறங்கி, பிறகு ஏழெட்டு மணித்தியாலம் வாகனத்தில் வந்து சேரும்போது படும் பாட்டைப் பார்த்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நானும் விமான நிலையத்துக்கு எதிரானவன் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். இன்னொரு அடி நீட்டுவதற்கு முன், அந்தத் தளம் எந்தெந்தக் காணிகளின் மேல், எந்தெந்த ஆண்டில், எந்தச் சட்டத்தின் கீழ் வந்து படிந்தது என்ற கணக்கை வரைபடத்தோடு வெளியிடுங்கள்.

நில அளவையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஊர் கட்டுவன். எங்கள் குடும்பக் காணியைப் பற்றி இந்த மடலில் எழுதப் போவதில்லை. அதற்கு வேறு மேசை, வேறு கோப்பு இருக்கிறது. இங்கே எழுதுவது தளத்தின் வரலாற்றைப் பற்றி. படைத்தளம் ஒன்றின் வரலாறு என்றால் வழக்கமாக எப்படி எழுதப்படுகிறது? பிரித்தானியர் கட்டினர், போர் முடிந்தது, நாங்கள் பொறுப்பெடுத்தோம், இன்ன விமானங்கள் வந்தன, இன்னார் இன்னார் கட்டளை அதிகாரிகளாக இருந்தனர் என்று ஒரு பெயர் வரிசை. எல்லாம் சரி. ஆனால் அந்த ஓடுபாதை வானத்தில் போடப்பட்டதா? அதன் கீழே செம்பாட்டு மண் இருந்தது. வெங்காயமும் புகையிலையும் விளைந்த தோட்டங்கள் இருந்தன. அவற்றுக்குத் தண்ணீர் இறைத்த கிணறுகள் இருந்தன. அந்தப் பாதி உங்கள் வரலாற்றில் இல்லை.

தொடக்கத்திலிருந்தே வருவோம். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் நான்கு நாள் கழித்துத் திருகோணமலையையும் தாக்கின. சிங்கப்பூர் ஏற்கெனவே விழுந்திருந்தது. பிரித்தானியருக்கு இந்து சமுத்திரத்தில் மிஞ்சிய பெரிய பிடி இலங்கைதான் என்ற நிலை. தீவு முழுக்க விமானத் திடல்கள் முளைத்தன: சீனக்குடா, கொக்கல, மின்னேரியா, சிகிரியா, வவுனியா, புத்தளம். கொழும்பில் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கினார்கள். பலாலித் திடலும் அந்தப் போர்க்காலத்துப் பிள்ளைதான். பிரித்தானிய விமானப்படையின் பதிவுகளில் அதன் பெயர் பலாலி இல்லை, காங்கேசன்துறை. 160ஆம், 203ஆம் ஸ்குவாட்ரன்கள் இங்கே இருந்தன. நான்கு இயந்திரங்கள் கொண்ட லிபரேட்டர் விமானங்கள் இங்கிருந்து கிளம்பி வங்காள விரிகுடாவுக்கு மேலே மணிக்கணக்காகப் பறந்து நீர்மூழ்கிகளைத் தேடின. 203ஆம் ஸ்குவாட்ரன் 1946இல் இங்கிலாந்துக்குத் திரும்பியது.

அந்தத் திடலுக்காக எடுக்கப்பட்ட காணிகள்தான் முதலாவது அடுக்கு. போர்க்காலத்தில் எடுத்தது, நட்டஈடு கொடுத்தோ கொடுக்காமலோ எடுத்தது, பிறகு இலங்கை அரசின் கைக்கு மாறியது. அந்தக் கோப்புகள் அரச திணைக்களங்களில் இருக்க வேண்டியவை. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும்கூட வரி வாங்குவதற்காகவேனும் யாழ்ப்பாணத்துக் காணிகளை ஊர் ஊராகத் தோம்பு என்ற காணிப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். முந்நூறு, நானூறு வருடத்துக்கு முந்தைய கணக்கை எழுத முடிந்த மண்ணில் எண்பது வருடத்துக் கணக்கை எழுத முடியாதா?

போருக்குப் பிறகு பலாலிக்குக் கொஞ்சக் காலம் நல்ல காலம் வந்தது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி ஏர் சிலோனின் முதலாவது விமானம், ஒரு டகோட்டா, கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பிக் காங்கேசன்துறையில் இறங்கி மதராசுக்குப் போனது. நாடு சுதந்திரம் அடைவதற்கு இரண்டு மாதம் முன்பு! இலங்கையின் சொந்த விமான சேவை தன் முதல் பயணத்திலேயே தொட்ட மண் எங்கள் மண். கம்பனியிடம் இருந்த மூன்று டகோட்டாக்களுக்கும் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று பெயர் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் திருச்சிக்கும் சேவை நடந்தது. காலையில் திருச்சிக்குப் போய், கோயிலைக் கும்பிட்டு, சேலை வாங்கி, படமும் பார்த்துவிட்டு வந்த கதைகளை எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள். கதையில் கொஞ்சம் கூட்டல் இருக்கும்தான். ஆனாலும் அந்த நாளில் பலாலி அரண் போட்ட இடமாக இருக்கவில்லை. பெடியன்கள் சைக்கிளில் போய் வேலிக்கு வெளியே நின்று விமானம் இறங்குவதைப் பார்த்த இடம் அது.

கட்டிடம் கட்டிய கூலியாட்கள், பெட்டி தூக்கியவர்கள், ஏர் சிலோன் அலுவலகத்தில் வேலை செய்தவர்கள், பயணிகளுக்குத் தேநீர் போட்டவர்கள். இந்தக் காலத்தின் சாட்சிகளில் உயிரோடு இருப்பவர்கள் இப்போது சிலரே. அவர்களிடம் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்தால் போதும்; அரை நூற்றாண்டு வரலாறு கிடைத்துவிடும். இதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிகூடத் தேவையில்லை.

பிறகு கெட்ட காலம். 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், பலாலியிலிருந்து போன ஏர் சிலோனின் அவ்ரோ விமானம் இரத்மலானையில் பயணிகள் இறங்கிய பிறகு குண்டு வெடித்து அழிந்தது. 1983 ஜூலையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் இறந்த 13 இராணுவத்தினரின் உடல்கள் பலாலியிலிருந்துதான் விமானத்தில் கொழும்புக்குப் போயின. அன்று மாலை பொரளைக் கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து தொடங்கிய தமிழருக்கு எதிரான வன்முறை எங்கே போய் முடிந்தது என்பது உங்களுக்கும் எங்களுக்கும் தெரியும். இந்த நாட்டின் சரித்திரத்தைப் புரட்டிப்போட்ட பல நாட்களில் பலாலி ஓடுபாதை ஓர் ஓரத்தில் இருக்கிறது.

1987ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம். மறுநாளே இந்திய அமைதிப்படை பலாலியில் வந்திறங்குகிறது. ஓகஸ்ட் 2இல் பிரபாகரன் இந்திய விமானத்தில் பலாலிக்குத் திரும்புகிறார். ஓகஸ்ட் 5இல் இதே தளத்தில் வைத்துப் புலிகள் அடையாளமாக ஆயுதங்களை ஒப்படைக்கிறார்கள். இலங்கைப் பாதுகாப்புச் செயலாளர் ஜெனரல் சேபால ஆட்டிகல அங்கே நிற்கிறார். சமாதானம் வந்துவிட்டதென்று சனம் நம்பிய நாட்கள். இரண்டு மாதம் போகவில்லை. கடலில் கைதான புலிகளின் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உட்படப் 17 பேரைப் பலாலி முகாமில் வைத்திருந்தார்கள். கொழும்புக்குக் கொண்டுபோக வந்தபோது, ஒக்டோபர் 5இல், சயனைட் கடித்து 12 பேர் இறந்தார்கள். அடுத்த வாரமே இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டு, பலாலியிலிருந்து கிளம்பிய எம்.ஐ.8 ஹெலிகொப்டர்கள் நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இந்தியச் சிப்பாய்களை இறக்கின. அப்படி இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் ஒருவர்தான் உயிரோடு பிடிபட்டார். ஆயுதம் ஒப்படைத்த இடமும், சயனைட் கடித்த இடமும், ஹெலிகொப்டர் கிளம்பிய தளமும் ஒரே வேலிக்குள். இப்படியொரு மூன்று மாதத்தைக் கண்ட விமானத்தளம் தெற்காசியாவில் வேறெங்காவது இருக்குமா என்று நான் சில நேரம் நினைப்பதுண்டு. அந்த இந்தியச் சிப்பாய்களுக்குப் பலாலியில் நினைவிடம் இருக்கிறது. இருக்கட்டும், வேண்டியதுதான். செத்தவனுக்குப் பெயர் எழுதி வைப்பதில் பிழை காண முடியாது.

இனி இரண்டாவது அடுக்குக்கு வருகிறேன். இந்த மடலை எழுதவைத்தது அதுதான்.

1990 ஜூன் நடுப்பகுதியில் மறுபடியும் போர் மூண்டபோது வலிகாமம் வடக்கின் சனம் எழும்பிப் போனது. பலாலி, மயிலிட்டி, தையிட்டி, ஊறணி, காங்கேசன்துறை, மாவிட்டபுரம், வறுத்தலைவிளான், கட்டுவன், குரும்பசிட்டி, வசாவிளான், ஒட்டகப்புலம், கிழக்கே வளலாய். ஷெல்லுக்குப் பயந்து ஓரிரு நாளில் திரும்பலாம் என்று கதவைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு போனவர்கள். யாரும் காணி விற்கவில்லை. யாரும் கைச்சாத்துப் போடவில்லை. எந்த அரச உத்தியோகத்தரும் வந்து அளந்து நட்டஈடு பேசவில்லை. ஆனால் தளத்தின் பாதுகாப்பு வளையம் விரிந்துகொண்டே போய் ஊர்களை விழுங்கியது. அதற்கு உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் வந்தது. பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், சங்கக்கடை, சீமெந்துத் தொழிற்சாலை, மீன்பிடித் துறைமுகம், எல்லாம் உள்ளே. பலாலி ஆசிரியர் கலாசாலை என்று இலங்கை முழுக்கத் தெரிந்த நிறுவனம் வேறிடம் போய்ப் பழைய பெயரோடு இயங்கியது. சனம் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் கோணப்புலத்திலும் முகாம்களில். தங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருபத்தைந்து, முப்பது வருடம் அகதியாக இருந்தவர்களை உலகத்தில் வேறெங்கே தேடுவது?

குரும்பசிட்டியைப் பற்றி இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 1930இல் ஈழகேசரியைத் தொடங்கிய நா. பொன்னையா அந்த ஊர்க்காரர். பழைய பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து ஆவணமாக்கிய கனகரத்தினமும் குரும்பசிட்டிதான். பதிவு செய்வதையே ஒரு பழக்கமாக வைத்திருந்த ஊர். அப்படிப்பட்ட ஊரை ஆளில்லாத வெளியாகக் காட்டும் ஒரு இராணுவ வரைபடத்தை நினைத்துப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதியை நீங்கள் வாசித்திருப்பீர்களோ தெரியாது. காணிக்கு ஒரு பெயர் இருக்கும். பரப்புக் கணக்கு இருக்கும். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். நாலு பக்கமும் யாருடைய காணி என்று ஆட்களின் பெயரில் எல்லை எழுதியிருக்கும். அப்புறம், உள்ளே நிற்கும் பனை, வடலி, பயன்தரு மரங்கள். பக்கத்துக் காணிக் கிணற்றில் இத்தனை பங்கு. தண்ணீர் பாவிக்கவும் போய்வரவும் வழிவாய்க்கால் உரிமை. ஓர் உறுதியைச் சரியாக வாசித்தால் அந்த ஒழுங்கையின் சாதி, சடங்கு, சீதனம், சண்டை எல்லாம் தெரிந்துவிடும். அளவைக்காரனுக்கு அது பாதி வரைபடம். மீதிப் பாதி தரையில் இருக்கும்: வேலி, வரம்பு, கிணறு, புளியமரம், எல்லைக்கல். விடுவிக்கப்பட்ட பகுதிகளில் சனம் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் வளவு எது என்று தெரியாமல் நின்றார்கள். வேலி இல்லை. புல்டோசர் போன இடங்களில் வரம்பு இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. வீட்டின் அத்திவாரமும் இல்லை. கிழக்கு எல்லையில் யாருடைய பெயர் இருந்ததோ அந்த ஆள் எப்போதோ இறந்துபோனார், பிள்ளைகள் டொரொன்டோவில். அரை நூற்றாண்டாக அங்கே வாழ்ந்த கிழவி ஒருத்தி வந்து ஒரு பனையைக் காட்டி இதுதான் எங்கள் மூலைப் பனை என்று சொன்னால்தான் அளவைச் சங்கிலியை எங்கே பிடிப்பது என்று தெரியும்.

2013 ஏப்ரலில் அரசாங்கம் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ் ஓர் அறிவித்தல் போட்டது. யாழ்ப்பாணப் படைத் தலைமையகத்துக்காக 6,381 ஏக்கர். பரப்பில் சொன்னால் ஒரு லட்சத்துக்கும் மேல். அறிவித்தலை மரங்களில் ஒட்டினார்கள். காணிச் சொந்தக்காரர்கள் முகாம்களில் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். கிராம சேவகரிடம் அவர்களுடைய பங்கீட்டு அட்டை விபரம் இருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் நீதிமன்றம் போனார்கள்.

இந்த அறிவித்தலில்தான் உங்கள் வரலாற்றின் சிக்கல் இருக்கிறது. 2013இல் சுவீகரிக்க வேண்டியிருந்தது என்றால், 1990 முதல் 2013 வரை அந்தக் காணி அரசாங்கத்துடையது இல்லை என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்டதாகத்தானே பொருள்? அவசரகாலச் சட்டமும் 2011இல் முடிந்துபோனது. அப்படியானால் எந்த அதிகாரத்தில் முட்கம்பி நின்றது? சட்டத்தரணிகள் இதை வேறு விதமாகப் பேசுவார்கள். நான் அளவைக்காரன். நான் கேட்கும் கேள்வி வரைபடத்தின் அடிக்குறிப்பைப் பற்றியது: இந்தக் கோடு எந்த ஆண்டு, எந்த ஆவணத்தின்படி வரையப்பட்டது?

விடுவிப்பு நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2015க்குப் பிறகு கட்டம் கட்டமாக நடந்தது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம். 2018 ஏப்ரலில் 683 ஏக்கர். 2023 பெப்ரவரியில் 108 ஏக்கர். 2024 மார்ச்சில் 234 ஏக்கர். ஒவ்வொரு முறையும் மேடை, மாலை, ஜனாதிபதியோ ஆளுநரோ பத்திரம் கையளிக்கும் படம். 2025 ஏப்ரலில் வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் பிரதான வீதி திறந்தது. திறந்தபோது வைத்த பலகையில் காலை 6 முதல் மாலை 5 வரை மட்டும், நடந்து போகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. சரி, திறந்தார்களே என்று சனம் அதற்கும் நன்றி சொன்னது. ஆனால் எத்தனை ஏக்கர் விடுவித்தோம் என்ற கணக்கு மட்டும்தான் எப்போதும் வெளியில் வருகிறது. எத்தனை ஏக்கர் மிச்சம், அதில் எவ்வளவு 1940களில் சட்டப்படி எடுத்தது, எவ்வளவு 1990க்குப் பிறகு வெறுமனே உள்ளே இழுபட்டது, எவ்வளவு விமானப்படையிடம், எவ்வளவு இராணுவத்தின் தோட்டங்களாக இருக்கிறது என்ற பிரிப்பை எந்த மேடையிலும் யாரும் வாசித்ததில்லை. தொகையை மட்டும் சொல்லி விபரத்தைச் சொல்லாத கணக்கைக் கடைக்காரர்கூட ஏற்கமாட்டார்.

தேசிய பாதுகாப்பு என்று பதில் வரும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே அதற்கு விதிவிலக்கு இருக்கிறது, எனக்குத் தெரியும். உங்கள் ஆயுதக் களஞ்சியம் எங்கே, ராடார் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது காணியின் எல்லை. செய்மதிப் படத்தில் ஓடுபாதையும் கட்டிடமும் மண் அணையும் யாருடைய கைபேசியிலும் தெரிகிற காலம் இது. ஒரு தோட்டத்தின் சொந்தக்காரர் யார் என்பது மட்டும் எப்படி இராணுவ இரகசியமாகும்?

தளத்துக்குள் இருந்தவர்களின் கதையையும் நான் ஒதுக்கவில்லை. அதுவும் வரலாறுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாடு முழுவதும் புலிகளிடம் இருந்தபோது பலாலியும் காங்கேசன்துறையும் கடலைப் பின்னால் வைத்துக்கொண்ட ஒரு சிறு துண்டு. சோறும் மருந்தும் ஆளும் வானத்தாலும் கடலாலும்தான் வந்தன. 1995 ஏப்ரல் 28இலும் 29இலும் அடுத்தடுத்து இரண்டு அவ்ரோ விமானங்கள் பலாலிப் பக்கம் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டன. தொண்ணூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் குடாநாட்டின் வாசலான ஆனையிறவுப் படைத்தளம் புலிகளிடம் விழுந்த பிறகு, குடாநாட்டில் இருந்த முழுப் படையையும் எப்படி வெளியே எடுப்பது என்ற கேள்வி கொழும்பில் எழுந்தபோது எல்லோருடைய கண்ணும் இந்த ஒரு ஓடுபாதையில் இருந்தது. காலியிலும் குருநாகலிலும் பிறந்த பெடியன்கள் எங்கள் வேப்பமரங்களுக்குக் கீழே பதுங்குகுழி வெட்டிக்கொண்டு வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தாய்மாருக்கும் பலாலி என்பது வயிற்றைக் கலக்கும் பெயர்.

எங்களுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது: லயன் ஏர் 602. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய அன்ரனோவ் விமானம். பணியாளர்களோடு 55 பேர். பயணிகள் தமிழர்கள்: கொழும்பில் பிள்ளையைப் பார்க்கப் போனவர்கள், வெளிநாட்டு அலுவலாகப் போனவர்கள், வைத்தியத்துக்குப் போனவர்கள். மன்னார்க் கடலுக்கு மேலே புலிகளின் ஏவுகணையில் விழுந்தது. பல வருடம் உடலும் இல்லை, விமானமும் இல்லை. 2012இல்தான் இரணைதீவுக்குப் பக்கத்தில் கடலடியில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. இந்தப் பெயர்களை யாரும் அடிக்கடி சொல்வதில்லை. தமிழர் தரப்பில் பலருக்கு அதைப் பேசுவது சங்கடம். மற்றத் தரப்பில் அவர்கள் அரசியலுக்கு உதவும் அளவுக்கு மட்டும் நினைவுகூரப்படுகிறார்கள். அவர்கள் கடைசியாகக் கால் வைத்த தரை பலாலி. அங்கே இருக்கும் பயணிகள் மண்டபத்தில் அந்த 55 பெயர்களுக்கும் ஒரு சுவர் ஒதுக்குவதில் யாருக்கு என்ன நட்டம்?

2019 ஒக்டோபர் 17இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்தைத் திறந்து வைத்தார்கள். நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. நான்கு மாதத்தில் கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2022 டிசெம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ வந்தது. அதற்கடுத்த வருடம் திருச்சிக்கும் விமானம். ஏர் சிலோன் காலத்தில் இருந்த வழிகளுக்கே சுற்றி வந்து சேர்ந்திருக்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால் இன்றும் பயணி ஒருவர் அந்த நிலையத்துக்கு இராணுவ வேலிகளுக்கு நடுவே போகும் வழியால்தான் வருகிறார். அந்த வேலிக்குப் பின்னால் இருந்தது எந்த ஊர் என்று சொல்ல ஒரு பலகை இல்லை. சென்னையிலிருந்து வரும் பிள்ளை ஒன்று யன்னலால் பார்த்து, ஏன் இவ்வளவு பற்றைக்காடு என்று கேட்டால் தாய் என்ன சொல்வாள்?

இந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கொக்கலவில் 1942இல் விமானத்தளத்துக்காக ஒரு சிங்களக் கிராமத்தை எழுப்பினார்கள். அங்கே எஞ்சிய ஒரு வீடு எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு. இன்று அதைச் சுற்றி நாட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கரையின் மீனவர், விவசாயிகளின் வாழ்க்கைப் பொருட்களைப் பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிறார்கள். விமானப்படையும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடவில்லை. கொக்கலவுக்கு முடிந்தது பலாலிக்கு முடியாதா? அங்கே அந்த வீட்டைக் காப்பாற்ற ஒரு புகழ்பெற்ற பிள்ளை இருந்தார். இங்கே புகழில்லாத ஆயிரம் வீடுகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் உறுதி இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். ஓடுபாதை நீட்டிப்புக்கு எந்த ஒரு காணியும் குறிக்கப்படுவதற்கு முன், தளத்தின் காணி வரலாற்று வரைபடம் ஒன்றை நில அளவைத் திணைக்களத்தோடு சேர்ந்து தயாரியுங்கள். போர்க்காலத்தில் எடுத்த பகுதிக்கு ஒரு நிறம், பிறகு சட்டப்படி சேர்ந்ததற்கு ஒரு நிறம், 1990க்குப் பிறகு ஆவணம் இல்லாமல் உள்ளே போனதற்கு ஒரு நிறம், விடுவித்ததற்கு ஒரு நிறம். கிராம சேவகர் பிரிவு எல்லைகளும் பழைய ஒழுங்கைகளும் கோயில்களும் பொதுக் கிணறுகளும் அதில் தெரியட்டும். தெல்லிப்பழை, கோப்பாய்ப் பிரதேச செயலகங்களின் சுவரில் மூன்று மொழியிலும் ஒட்டுங்கள். ஆட்சேபம் சொல்லக் கால அவகாசம் கொடுங்கள். வேண்டிய காணியை வேண்டிய அளவுக்குச் சட்டப்படி, சந்தை விலையில், ஆளைக் கூப்பிட்டுப் பேசி வாங்குங்கள். விமான நிலையத்துக்காக மனம் வைத்துக் கொடுப்பவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். கேட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதுவரை யாரும் கேட்கவில்லை.

விமான நிலையத்தின் பெயரைச் சொல்லி இராணுவத் தோட்டங்களுக்கும் விடுதிகளுக்கும் காணி பிடித்து வைத்திருந்தால் அந்த வரைபடம் அதையும் காட்டிவிடும். உங்களில் சிலருக்கு அது பிடிக்காது. விமானப்படையில் தொழில் தெரிந்தவர்களுக்குப் பிடிக்கும் என்று நம்புகிறேன். ஓடுபாதை, அதன் இரு முனையிலும் பாதுகாப்புப் பரப்பு, விமானம் இறங்கும் வழியில் உயரத் தடை, வழிகாட்டிக் கருவிகளுக்கு இடம், தரிப்பிடம், முனையம். ஒரு விமான நிலையத்துக்கு இவ்வளவு காணி வேண்டும் என்பதற்குச் சர்வதேச அளவுகோல் இருக்கிறது. அதை வைத்து அளந்தால் எது விமானத்துக்குத் தேவையானது, எது வெறும் பழக்கத்தில் வைத்திருப்பது என்று ஒரு பின்னேரத்தில் கோடு போட்டுவிடலாம். உயரத் தடை உள்ள இடத்தில் தென்னை வைக்க முடியாது, மாடி கட்ட முடியாது. ஆனால் வெங்காயம் நடலாம். வெங்காயம் எந்த ரகமானாலும் விமானத்துக்கு இடைஞ்சல் செய்யும் உயரத்துக்கு வளர்வதில்லை.

வரைபடத்துக்கு எங்கள் பக்கத்து ஆவணங்களை நாங்கள் தருகிறோம். உறுதிகள், பழைய அளவைப் படங்கள், கோயில் கணக்குப் புத்தகங்கள், பள்ளிக்கூட மலர்கள் பல வீடுகளில் இருக்கின்றன. முகாமுக்கும் வன்னிக்கும் வெளிநாட்டுக்கும் காவித் திரிந்து காப்பாற்றியவை. மூலப்பிரதி தரமாட்டார்கள், அதைக் கேட்கவும் வேண்டாம். படப்பிரதி எடுத்துத் தருவார்கள். எல்லையை அடையாளம் காட்டக்கூடிய வயதானவர்களை நாங்களே வாகனம் பிடித்துக் கூட்டிவருகிறோம். அவர்களை உள்ளே விட வாயிற்காவலில் ஒரு பெயர்ப் பட்டியலும், நிழலுக்கு ஒரு கூடாரமும், தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தரும் போதும். அவர்களில் பலருக்கு எண்பது தாண்டிவிட்டது. அடுத்த மாரிக்கு முன் திகதி ஒன்றைக் குறித்துப் பிரதேச செயலகம் மூலம் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
கட்டுவனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர்